லயத்துக்கு ஒரு சேமிப்புக் குழு
(கூடியிருந்து படிப்பதற்கான பாடம்)



இந்த முறை நாம் படிக்கப்போவது காசைப் பற்றிய பாடம். காசு என்றதும் "எங்களுக்கு எங்கே காசு, அதைப் பற்றிப் படிக்க?" என்று சிலர் சிரிப்பீர்கள். காசு குறைவாக இருக்கிறவர்களுக்குத்தான் இந்தப் பாடம் அதிகம் தேவை. இதைத் தனியாக வாசிப்பதை விட, பிள்ளைக் காம்பராவிலோ கோயில் மண்டபத்திலோ பத்துப் பேர் கூடி, படிக்கிற பிள்ளை ஒன்றை வாசிக்கச் சொல்லிக் கேட்பது நல்லது. இடையிடையே நிறுத்திப் பேசுங்கள். அவசரம் இல்லை.

1. கடன் நமக்கு நேற்று வந்ததல்ல

நமது பாட்டன், பூட்டன் காலத்தில் இந்தியாவிலிருந்து இந்த மலைக்கு வந்தவர்கள் வேலை தொடங்கும் முன்பே கடனாளியாக இருந்தார்கள். கப்பல் செலவு, வழிச்செலவு, அரிசி, கம்பளி எல்லாம் பெரிய கங்காணியின் கணக்கில் ஏறியது. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமென்றால் "துண்டு" வேண்டும். இத்தனை ரூபா கடனைக் கட்டினால் இந்த ஆட்களை விடுகிறோம் என்று தோட்டம் எழுதிக் கொடுக்கும் கடதாசிதான் அந்தத் துண்டு. ஆளின் சுதந்திரம் அந்தக் கடனுக்குள் அடங்கியிருந்தது. 1921 ஆம் ஆண்டுச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது.

இன்றைக்கு அப்படித் துண்டு கிடையாது. ஆனால் ஒரு குடும்பம் எங்கெங்கே கடன்பட்டிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். கடையில் கடன் கொப்பி. டவுனில் அடகுத் துண்டு. தெரிந்த ஒருவரிடம் நூற்றுக்குப் பத்து வட்டி. இதெல்லாம் போதாதென்று லயத்துக்கே வந்து ஐந்து பெண்களைச் சேர்த்துக் குழுவாக்கிக் கடன் கொடுக்கும் கம்பனிகள். சம்பளம் வருகிற அன்றே பாதி போய்விடுகிறது. "காசு வருது, ஆனா கையில நிக்கல" என்று நாங்கள் போகும் லயங்களிலெல்லாம் சொல்லுவாங்க.

2021 ஆம் ஆண்டில் நாட்சம்பளம் 1000 ரூபா ஆனது. 2024 ஆம் ஆண்டில் அது 1350 ரூபா ஆனது. சம்பளம் கூடுவது நல்லதுதான், அதற்காகப் பாடுபட்டவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனாலும் கடன் உள்ள வீட்டில் கூடுகிற சம்பளம் வட்டிக்காரர் வீட்டுக்கே நடந்து போய்விடும். அங்கே போகாமல் தடுக்கும் வழியை நாம் தனியாகத்தான் தேட வேண்டும்.

வட்டி கட்ட முடியாத வீட்டில் முதலில் நகை போகும். அடுத்தது கறவை மாடு. அதற்குப் பிறகு பிள்ளையின் படிப்பு. படிக்க வேண்டிய வயதில் பிள்ளையைக் கொழும்புக்கு வீட்டு வேலைக்கு அனுப்பினால் என்னவெல்லாம் நடக்கக்கூடும் என்று டயகமச் சனங்களுக்கு வேறு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆகவே இது வெறும் கணக்குப் பாடம் அல்ல. நமது பிள்ளைகள் எங்கே வளரப்போகிறார்கள் என்பதும் இதில் அடங்கியிருக்கிறது.

2. நமக்குத் தெரிந்த வேலைதான்

"எங்களுக்கு இதெல்லாம் தெரியாதுங்க" என்று சொல்லாதீர்கள். நமது லயத்தில் ஒரு சாவு விழுந்தால் என்ன நடக்கிறது? ஆள் அனுப்பிச் சொல்லுவது, பந்தல், தேங்காய், சவப்பெட்டி, இரவு முழுக்க தேத்தண்ணி, எல்லாம் யாரோ ஒருவர் சொல்லாமலே நடக்கிறது. மரண உதவிச் சங்கம் காசு கொடுக்கிறது. திருவிழாவுக்கு வீட்டுக்கு வீடு வரி எடுத்து, கொடியேற்றம் முதல் மஞ்சள் நீர் வரை கணக்குப் பார்த்துச் செய்கிறோம். பெண்கள் சீட்டுப் பிடிக்கிறார்கள். இவையெல்லாம் கூட்டு வேலைதானே?

சீட்டைக் கொஞ்சம் கூர்ந்து பார்ப்போம். பத்துப் பேர் மாதம் ஆயிரம் ரூபா போட்டால் ஒவ்வொரு மாதமும் ஒருவருக்குப் பத்தாயிரம் கிடைக்கிறது. நல்ல பழக்கம். ஆனால் இரண்டு குறை உண்டு. முதலாவது, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த மாதத்தில் உங்கள் சீட்டு விழும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. இரண்டாவது, பத்தாவது மாதம் முடிந்தவுடன் கையில் ஒன்றும் மிஞ்சாது. சுற்று முடிந்தால் சங்கமும் முடிந்தது. சேமிப்புக் குழுவில் அந்தக் காசு கலையாமல் நிற்கும், வருடா வருடம் பெருகும், அவசரம் யாருக்கோ அவருக்கு முதலில் கிடைக்கும்.

கூட்டுறவு என்ற சொல்லும் நமக்குப் புதிதல்ல. 1990களில் தோட்டங்களில் தொழிலாளர் வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்து வீட்டுக் கடன் வேலையைச் செய்தார்கள். மூத்தவர்களுக்கு அது நினைவிருக்கும்.

3. கொழும்புக் குடிசைகளில் பெண்கள் செய்தது

நமது நாட்டில் இந்த வழியில் போய் ஜெயித்தவர்கள் இருக்கிறார்கள். கண்டி மாவட்டத்துத் தெல்தெனியாவில் 1906 ஆம் ஆண்டிலேயே சிக்கனக் கடனுதவிச் சங்கம் ஒன்று தொடங்கியது. பல வருடங்களுக்குப் பிறகு அந்த இயக்கம் சோர்ந்து போயிருந்தபோது, 1978 ஆம் ஆண்டில் கேகாலை மாவட்டத்து வல்கம கிராமத்திலிருந்து பி. ஏ. கிரிவந்தெனிய அதற்கு மீண்டும் உயிர் கொடுத்தார். அதுதான் இன்று "சனச" என்று நாம் போர்டுகளில் பார்க்கிற இயக்கம். ஒரு கிராமத்தில் தொடங்கியது ஆயிரக்கணக்கான சங்கங்களாகப் பரவியது.

நமது நிலைமைக்கு இன்னும் கிட்டிய உதாரணம் கொழும்பில் உண்டு. தோட்டங்களிலும் தண்ணீர் நிற்கும் பள்ளங்களிலும் பலகை வீடு கட்டி வாழ்ந்த ஏழைப் பெண்கள் 1989 ஆம் ஆண்டில் சிறு சிறு குழுக்களாகச் சேமிக்கத் தொடங்கினார்கள். (கொழும்பில் "தோட்டம்" என்றால் ஏழைகள் நெருக்கி வாழும் முடுக்கு. அங்கே தேயிலை இல்லை.) அவர்களுக்கும் வங்கியில் கடன் கிடைக்காது. காணி உறுதி இல்லை, நிரந்தர வேலை இல்லை, பிணை நிற்க ஆள் இல்லை. ஒருத்திக்கு ஒருத்தியே பிணை என்று முடிவு செய்தார்கள்.

அவர்கள் போட்ட காசு வாரத்துக்கு ஐந்து ரூபா. ஏன் ஐந்து ரூபா? குழுவில் மிகவும் ஏழையாக இருக்கிறவளும் போடக்கூடிய தொகை அது. வசதி உள்ளவள் ஐம்பது போடலாம், ஆனால் ஐம்பது என்று வைத்தால் ஏழை வெளியே நின்றுவிடுவாள். பிறகு அது ஏழைகளின் குழு ஆகாது. இந்த ஒரு விஷயத்தை மனதில் எழுதிக்கொள்ளுங்கள்: சேமிப்புத் தொகையைக் குழுவில் உள்ள மிகவும் கஷ்டப்பட்டவரைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும்.

குழு சிறியது. வாரந்தோறும் ஒரு வீட்டில் கூடுவார்கள். எல்லாருக்கும் முன்னால் காசு எண்ணப்படும். யாருக்குக் கடன், எவ்வளவு, எதற்காக என்று அங்கேயே பேசி முடிவாகும். பல குழுக்கள் சேர்ந்து ஒரு கிளை. கிளைகள் சேர்ந்து பெண்கள் வங்கி. வெளியிலிருந்து மானேஜர் வந்து நடத்தவில்லை. அந்தப் பெண்களே கணக்கு எழுதப் பழகி, தாங்களே நடத்தினார்கள். கூட்டுறவாகப் பதிவு செய்து, கொழும்புக்கு வெளியேயும் பரவினார்கள். ஐந்து ரூபாவில் தொடங்கியவர்கள் தொழிலுக்கும் வீட்டுக்கும் கடன் கொடுக்கும் நிலைக்கு வந்தார்கள்.

இங்கே ஒரு கேள்வி எழும். "கம்பனிக்காரரும் குழு சேர்த்து, ஒருத்திக்கு ஒருத்தி பிணை வைத்துத்தானே கடன் தாறாங்க. இதுக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்?" நல்ல கேள்வி. பார்வைக்கு இரண்டும் ஒன்று போலத்தான். ஆனால் கம்பனிக் குழுவில் காசு கம்பனியுடையது, வட்டி கம்பனிக்குப் போகிறது, விதியைக் கம்பனி எழுதுகிறது. பிணைப் பொறுப்பு மட்டும் நமக்கு. அந்த வழியில் நாட்டின் பல பாகங்களில் பெண்கள் பட்ட பாடு தெரிந்ததே. 2018 ஆம் ஆண்டில் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் வாங்கிய சிறு நுண்கடன்களை இரத்துச் செய்ய அரசாங்கமே தலையிட வேண்டி வந்தது. 2021 மார்ச்சில் பொலன்னறுவை மாவட்டத்து ஹிங்குராக்கொடையில் கடன்பட்ட பெண்கள் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். நமது குழுவில் காசு நமது, வட்டி நமது பெட்டிக்கே திரும்புகிறது, விதியை நாமே எழுதுகிறோம்.

4. கொப்பியும் பென்சிலும் எடுங்கள்

இனி ஒரு கணக்கு. வாசிக்கிற பிள்ளை கரும்பலகையிலோ சுவரிலோ எழுதிக் காட்டட்டும்.

பத்துப் பெண்கள் வாரம் 100 ரூபா போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வாரத்துக்கு 1000 ரூபா. பத்து வாரத்தில் 10,000 ரூபா. வருடத்தில் 52 வாரம், ஆகவே 52,000 ரூபா. இது வட்டி சேராத கணக்கு.

இப்போது ஒரு அக்காவுக்கு வைத்தியச் செலவுக்கு 10,000 ரூபா தேவைப்படுகிறது.

வட்டிக்காரரிடம் நூற்றுக்குப் பத்து வட்டிக்கு எடுத்தால் மாதம் 1000 ரூபா வட்டி. பத்து மாதம் கட்டினால் 10,000 ரூபா கட்டியாகிவிட்டது. ஆனால் முதல் அப்படியே நிற்கும். இன்னும் 10,000 கொடுத்தால்தான் கடன் தீரும். மொத்தம் 20,000 ரூபா.

குழுவில் நூற்றுக்கு இரண்டு வட்டிக்கு எடுத்து, மாதம் 1000 ரூபா முதல் கழித்து வந்தால், முதல் மாதம் வட்டி 200, இரண்டாம் மாதம் 9000 ரூபாவுக்கு மட்டும் வட்டி, அது 180. இப்படிக் குறைந்து பத்தாம் மாதம் வட்டி 20 ரூபா. பத்து மாத வட்டி எல்லாம் சேர்த்தால் 1100 ரூபா. மொத்தம் கட்டியது 11,100 ரூபா. பத்தாம் மாதத்தோடு கடன் முடிந்தது.

ஒரு கடனில் மட்டும் அந்த அக்காவுக்கு மிஞ்சியது 8900 ரூபா. அவர் கட்டிய 1100 ரூபா வட்டியும் எங்கே போனது? குழுப் பெட்டிக்கு. அதில் அவருக்கும் ஒரு பங்கு உண்டு.

இந்த இடத்தில் வாசிப்பதை நிறுத்துங்கள். நமது லயத்தில் எல்லாரும் சேர்ந்து ஒரு மாதத்துக்கு எவ்வளவு வட்டி கட்டுகிறோம்? ஆட்களின் பெயர் வேண்டாம், தொகையை மட்டும் ஒவ்வொருவரும் ஒரு சிறு கடதாசியில் எழுதிப் போட்டு, கூட்டிப் பாருங்கள். மாதாமாதம் இந்த லயத்தை விட்டு வெளியேறும் காசு எவ்வளவு என்று அன்றைக்குத் தெரியவரும்.

5. சேமித்த காசை எதில் போடுவது?

முதல் ஆறு மாதத்துக்குப் பெரிய தொழில் எதையும் யோசிக்க வேண்டாம். நோய், பாடசாலைச் செலவு, அடகு மீட்பு, இவற்றுக்குச் சிறு கடன் கொடுத்து, திரும்பக் கட்டும் பழக்கம் உறுதியாகட்டும். பிறகு வருமானம் தரும் வேலைக்குப் போகலாம்.

டயகமப் பக்கத்தில் நமக்குத் தெரிந்த வேலை இரண்டு: மாடு, மரக்கறி. லீக்ஸ், கரட், கோவா, உருளைக்கிழங்கு எல்லாம் இந்தக் குளிரில் நன்றாக வரும். பல வீடுகளில் ஒன்றிரண்டு கறவை மாடு உண்டு. கஷ்டம் விற்கிற இடத்தில்தான். தனியாக நாலு போத்தல் பால் கொண்டுபோகிறவர் சொன்ன விலைக்குக் கொடுத்துவிட்டு வருவார். பாலில் கொழுப்பு எவ்வளவு என்று அளந்தது சரியா, பிழையா என்று கேட்க அவருக்கு வாயில்லை.

இந்தப் பிரச்சினை இந்தியாவில் குஜராத் மாநிலத்து கேடா மாவட்ட விவசாயிகளுக்கும் இருந்தது. இடைத்தரகர்கள் சொன்னதே விலை. அவர்கள் திரிபுவன்தாஸ் பட்டேல் தலைமையில் ஒன்றுசேர்ந்து, இனிப் பாலை இடைத்தரகருக்குத் தருவதில்லை என்று நின்றார்கள். 1946 டிசம்பரில் சங்கம் பதிவானது. அப்போது இரண்டே இரண்டு கிராமச் சங்கங்கள், ஒரு நாளைக்கு 247 லீற்றர் பால். அதுதான் பின்னால் "அமுல்" என்று உலகம் அறிந்த பெயர் ஆனது. வர்கீஸ் குரியன் போன்ற படித்தவர்கள் வந்து பெரிய உதவி செய்தார்கள், உண்மை. ஆனால் அவர் வருவதற்கு முன்பே விவசாயிகள் ஒன்றுசேர்ந்து சங்கம் அமைத்துவிட்டார்கள்.

அவர்களுடைய முறை எளிமையானது. கிராமத்தில் ஒரு இடத்தில் எல்லாரும் பால் ஊற்றுவார்கள். அங்கேயே எல்லாருக்கும் முன்னால் அளவும் கொழுப்பும் பார்க்கப்படும். ஒரு மாடு உள்ளவருக்கும் பத்து மாடு உள்ளவருக்கும் ஒரே விலைக் கணக்கு. நமது லயத்தில் மாடு உள்ள எட்டு வீடு சேர்ந்து ஒரே ஆளிடம் பாலைக் கொடுத்து, சேகரிக்கும் நிலையத்தில் ஒரே கணக்காகப் போட்டால் நிலைமை மாறும். கொழுப்பு அளக்கும்போது பக்கத்தில் நின்று பார்க்கலாம். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஆள் நடந்துபோகும் நேரமும் மிச்சம். புண்ணாக்கு மூட்டையையும் சேர்ந்து வாங்கலாம்.

மரக்கறியும் அப்படித்தான். விதைக்கிழங்கும் உரமும் பத்துப் பேர் சேர்ந்து வாங்கினால் விலை வேறு, தனியாக வாங்கினால் விலை வேறு. ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் தேவை. பனி விழுந்து தோட்டம் கருகினால் ஒரே பயிரில் போட்ட காசு முழுவதும் போகும். ஆகவே குழுக் காசு எல்லாவற்றையும் ஒரே போகத்தில், ஒரே பயிரில் போட வேண்டாம்.

6. மூணாறு சொல்லும் எச்சரிக்கை

இதுவரை நல்ல கதைகளைச் சொன்னோம். இனி ஒரு எச்சரிக்கையும் தேவை. அது நம்மைப் போலவே தேயிலை பறிக்கும் தமிழ்ச் சனங்களின் கதை.

கேரளத்து மூணாறு மலையில் பெரும்பாலான கொழுந்துக்காரர்கள் தமிழ்நாட்டிலிருந்து போன குடும்பங்கள். அங்கே டாட்டா டீ கம்பனி 2005 ஆம் ஆண்டில் தோட்டங்களை நடத்துவதிலிருந்து விலகியபோது, கண்ணன் தேவன் ஹில்ஸ் பிளாண்டேஷன்ஸ் என்ற புதிய கம்பனி வந்தது. அதில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர்கள் பங்குதாரர் ஆனார்கள். பங்குகளில் பெரும்பகுதி அவர்கள் பெயரில். தொழிலாளியே தோட்டத்துச் சொந்தக்காரர் என்று எல்லாரும் பாராட்டினார்கள். தோட்டம் மூடப்படாமல் வேலை நிலைத்தது, அது பெரிய காரியம்.

ஆனால் பத்து வருடம் கழித்து, 2015 செப்டம்பரில், அதே தோட்டங்களின் பெண்கள் ஆயிரக்கணக்கில் மூணாறு வீதியில் உட்கார்ந்தார்கள். போனஸ் குறைக்கப்பட்டது என்பது உடனடிக் காரணம். 20 வீதம் வேண்டும் என்று கேட்டார்கள். தொழிற்சங்கத் தலைவர்களையும் பக்கத்தில் சேர்க்கவில்லை. "பெம்பிளை ஒருமை" என்ற பெயர் அப்போது வந்ததுதான். ஒன்பது நாள் இருந்து, கேட்டதைப் பெற்றார்கள்.

பங்கு தங்கள் பெயரில் இருந்தும் ஏன் வீதிக்கு வர வேண்டி வந்தது? எமக்குப் படுவது இதுதான். பங்குப் பத்திரம் வீட்டுப் பெட்டியில் இருந்தது. கணக்குப் பேசுகிற, முடிவெடுக்கிற மேசை அந்தப் பெண்களுக்குத் தூரத்தில் இருந்தது. பெயர் மட்டும் நமதாக இருந்தால் போதாது. கணக்குக் கொப்பி நமக்குப் புரிய வேண்டும், முடிவு நம் வாயிலிருந்து வர வேண்டும். நாம் தொடங்கப்போவது பத்துப் பேர் உள்ள சின்னக் குழுதான். ஆனாலும் ஒரு தலைவியும் ஒரு பொருளாளரும் மட்டும் கணக்கை வைத்துக்கொண்டு மற்ற எட்டுப் பேரும் "அவங்க பாத்துக்குவாங்க" என்று இருந்தால் அதே கதைதான் இங்கும் நடக்கும். சங்கங்கள் பெரும்பாலும் கள்ளனால் கெடுவதில்லை. யாரும் கேள்வி கேட்காததால் கெடுகின்றன.

7. தொடங்கும் முறை

(அ) ஆட்கள்: ஒரே லயம் அல்லது பக்கத்து லயம். எட்டு முதல் பன்னிரண்டு பேர். ஒருவரை ஒருவர் தெரிந்தவர்கள். ஒரே வீட்டிலிருந்து இரண்டு பேர் வேண்டாம். கைக்காசு வேலை செய்கிறவர், பென்சன் எடுத்த பாட்டி, கணவன் இல்லாத பெண், இவர்களை விட்டுவிட்டுக் குழு அமைக்காதீர்கள்.

(ஆ) தொகை: மிகவும் கஷ்டப்பட்டவர் தவறாமல் போடக்கூடிய தொகை. 50 ரூபா என்றாலும் சரி. எல்லாருக்கும் ஒரே தொகை.

(இ) கூட்டம்: வாரத்தில் ஒரு நாள், ஒரே நேரம், ஒரே இடம். கொழுந்து நிறுத்து வந்து, சமையல் தொடங்குவதற்கு முன் அரை மணி நேரம் போதும். வராதவர் காசை வேறொருவர் கையில் அனுப்பினாலும், வராத காரணத்தைச் சொல்ல வேண்டும்.

(ஈ) கொப்பி: குழுவுக்கு ஒரு பெரிய கொப்பி, ஒவ்வொருவருக்கும் ஒரு சின்னக் கொப்பி. இரண்டிலும் ஒரே நேரத்தில் எழுத வேண்டும். கூட்டம் கலையும் முன் "இன்று வந்தது இவ்வளவு, கொடுத்தது இவ்வளவு, கையிருப்பு இவ்வளவு" என்று உரத்து வாசிக்க வேண்டும். எழுத்துத் தெரியாதவரும் அந்தத் தொகையை மனதில் வைத்திருந்து அடுத்த வாரம் சொல்ல வேண்டும். அவர் சொல்வதும் கொப்பியும் ஒத்துவந்தால் கணக்குச் சரி.

(உ) காசு: கையில் அதிகம் வைத்திருக்க வேண்டாம். பெட்டியை ஒருவர் வீட்டிலும் சாவியை இன்னொருவர் வீட்டிலும் வையுங்கள். தொகை சேர்ந்ததும் வங்கியிலோ கூட்டுறவிலோ குழுவின் பெயரில் கணக்குத் திறவுங்கள். மூவரில் இருவர் கையெழுத்து இல்லாமல் காசு எடுக்க முடியாதபடி செய்யுங்கள்.

(ஊ) கடன்: முதல் பத்து வாரத்துக்குக் கடன் இல்லை. அதன்பின் அவசரம் யாருக்கோ அவருக்கு. கேட்பவர் எதற்கு என்று சொல்ல வேண்டும். எல்லாரும் ஒத்துக்கொள்ள வேண்டும். சாராயத்துக்கும் சடங்கு ஆடம்பரத்துக்கும் கடன் இல்லை என்று முதலிலேயே எழுதிவையுங்கள்.

(எ) பதவி: தலைவி, செயலாளர், பொருளாளர். வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். புதியவருக்குக் கணக்கு எழுதப் பழக்குவது பழையவரின் கடமை.

(ஏ) பதிவு: நாலைந்து குழுக்கள் ஒரு வருடம் ஒழுங்காக நடந்தால், சேர்ந்து கூட்டுறவுச் சங்கமாகப் பதிவு செய்வதைப் பற்றி யோசிக்கலாம். 1972 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம் அதற்கு உண்டு. மாகாணக் கூட்டுறவு அபிவிருத்தித் திணைக்கள உத்தியோகத்தர்கள் விளக்கம் தருவார்கள். பிரதேச சபைச் சட்டம் 2018 ஆம் ஆண்டு திருத்தப்பட்ட பின் தோட்டப் பகுதிகளுக்கும் பிரதேச சபைகள் வேலை செய்ய வழி பிறந்திருக்கிறது. தனியாகப் போய்க் கேட்பதை விட, கொப்பியோடு ஒரு குழுவாகப் போய்க் கேட்டால் மதிப்பு வேறு.

8. அடிக்கடி கேட்கும் கேள்விகள்

"மிச்சம் பிடிக்கவே இல்லாத வீட்டுல எப்படிங்க சேமிக்கிறது?" மாதக் கடைசியில் மிஞ்சுவதைச் சேமிக்க நினைத்தால் ஒருபோதும் மிஞ்சாது. சம்பளம் கிடைத்த வாரத்தில் அரிசிக்கு ஒதுக்குவது போல இதற்கும் முதலில் ஒதுக்க வேண்டும். சில வீடுகளில் அம்மாமார் உலையில் போடும் அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்து வேறு டப்பாவில் போடுவார்கள், தெரியும்தானே. அதே வழக்கம்தான்.

"கடன் எடுத்தவர் கட்டாவிட்டால்?" முதல் கடன் சிறியதாக இருக்கட்டும். அவருடைய சேமிப்பைப் போல இரண்டு மடங்குக்கு மேல் வேண்டாம். கட்ட முடியாமல் போனால் முதலில் வீட்டுக்குப் போய் என்ன நடந்தது என்று பாருங்கள். நோய் என்றால் தவணையை நீட்டுங்கள். அடாவடி என்றால் சேமிப்பில் கழியுங்கள். ஆனால் லயத்து முற்றத்தில் நின்று மானத்தை வாங்கக் கூடாது. அப்படிச் செய்கிறவர்களிடமிருந்து தப்பத்தானே நாம் குழு சேர்கிறோம்.

"ஆம்பளைங்க விடமாட்டாங்க." ஆண்களையும் ஒரு கூட்டத்துக்கு அழைத்துக் கொப்பியைக் காட்டுங்கள். நாலாம் பகுதியிலுள்ள கணக்கை வாசித்துக் காட்டுங்கள். 8900 ரூபா மிச்சம் என்பதைக் கேட்டு வேண்டாம் என்று சொல்கிற ஆண் குறைவு. ஆண்கள் தனியாக ஒரு குழு தொடங்கினாலும் நல்லது.

"கட்சி, சங்கம் பார்த்துப் பிரிஞ்சிருக்கோமே?" குழுக் கூட்டத்தில் தொழிற்சங்கமும் கட்சியும் பேசுவதில்லை என்று முதல் விதியாகவே வைத்துக்கொள்ளுங்கள். யார் எந்தச் சங்கத்துக்குச் சந்தா கட்டினாலும் வட்டிக்காரர் எல்லாரிடமும் ஒரே வட்டிதான் வாங்குகிறார்.

9. கூடிப் பேச

கீழே உள்ளவற்றைப் பேசிவிட்டுக் கலையுங்கள்.

(1) இந்த லயத்திலிருந்து மாதம் எவ்வளவு வட்டி வெளியே போகிறது?

(2) நம்மில் மிகவும் கஷ்டப்பட்ட வீடு எது? அந்த வீடு வாரம் எவ்வளவு போட முடியும்? அவர்களிடமே கேட்டீர்களா?

(3) மரண உதவிச் சங்கத்தின் கணக்கைக் கடைசியாக எப்போது எல்லாரும் கேட்டீர்கள்?

(4) பால் விற்கிற வீடுகள் எத்தனை? சேர்ந்து கொடுக்க என்ன தடை?

(5) கணக்கு எழுதப் பழக விருப்பமுள்ள இரண்டு பேர் யார்? படித்துவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள்.

சிறுதுளி பெருவெள்ளம் என்று நம் பெரியவர்கள் சொன்னதைப் பாடசாலையில் எல்லாரும் எழுதியிருக்கிறோம். நமது ஆக்ரா ஓயாவும் இந்த மலையில் தாண்டக்கூடிய சின்ன ஓடையாகத்தான் தொடங்குகிறது. கொத்மலை போய்ச் சேரும்போது அதைத் தாண்ட முடியாது.

முதல் வாரம் போடுகிற 50 ரூபாவைப் பார்த்து யாராவது சிரித்தால் சிரிக்கட்டும். அடுத்த வாரமும் அதே நாளில், அதே இடத்தில் கூடுங்கள். குழு தொடங்குகிறவர்கள் நலன்புரிக் காரியாலயத்துக்கு ஒரு சொல் சொல்லி அனுப்பினால், கொப்பி கோடு போடுவதற்கும் முதல் மூன்று கூட்டங்களில் கணக்கு எழுதிப் பழகுவதற்கும் நாங்கள் வந்து கூட இருப்போம். நாலாவது கூட்டத்திலிருந்து எழுதப்போவது நீங்கள்தான்.